தேனும் பச்சைத்தண்ணியும்

அத்தியாயம் 9

ஆரல்வாய்மொழிக் கணவாயில் அன்றைக்குக் காற்று காரின் கதவைத் திறக்கவே விடவில்லை. ரெனிஷ் தோளைக் கொடுத்து முட்டித் தள்ளித்தான் இறங்கினான். இறங்கியதும் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அக்கா, இந்த ஊர்ல வேட்டி கட்டுனவன் மானத்தோட வீடு போய்ச் சேர மாட்டான்" என்றான்.

பூங்கனிக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் பார்த்த புகைப்படம் இன்னும் கண்ணுக்குள் நின்றது. இரண்டு உள்ளங்கைகள். இரண்டிலும் கருகிய தடம்.

அந்தக் கைகள் தாழக்குடி குமாரதாஸுடையவை. வெகுகாலம் மஸ்கட்டில் எலக்ட்ரானிக்ஸ் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து வால்வு ஆம்ப்ளிஃபையர் செய்துகொண்டிருந்தார். பழைய ரேடியோவுக்குள் சிவந்து எரியுமே, அந்தக் கண்ணாடி வால்வுதான். அதற்கு இப்போது மறுபடி மவுசு வந்திருக்கிறது. எர்ணாகுளம், கோயம்புத்தூரிலிருந்தெல்லாம் ஆட்கள் காத்திருந்து வாங்கிப் போனார்கள். போன சனிக்கிழமை அவர் மனைவி சொர்ணம்மாள் சுவாமித்தோப்புப் பதிக்குக் கும்பிடப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். ஞாயிறு காலையில் திரும்பி வந்து பார்த்தபோது குமாரதாஸ் வேலை மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தார். திறந்து கிடந்த புது ஆம்ப்ளிஃபையருக்குள் இரண்டு கைகளும் இருந்தன. வீட்டு ஃபியூஸ் போயிருந்தது. மின்விபத்து என்று போலீஸ் எழுதி முடித்துவிட்டது.

முடிக்க விடாதவள் மகள் நந்தனா. பாலிடெக்னிக் ஒன்றில் மின்னியல் லேப் பார்த்துக்கொள்கிற பெண். சாலிடர் பிடிக்க அப்பாவிடம் படித்தவள். வடசேரியில் பூங்கனியின் மாடி அறைக்கு வந்து அழாமல் ஒரே விஷயத்தைச் சொன்னாள்.

"திறந்த ஆம்புக்குள்ள அப்பா ஒரு கையத்தான் விடுவாங்க. இடது கை எப்பவும் முதுகுக்குப் பின்னால இருக்கும். ரெண்டு கையும் உள்ள போனா கரண்டு நெஞ்சு வழியாப் பாயும்னு எனக்குச் சொல்லித் தந்ததே அப்பாதான். அவங்க ரெண்டு கையையும் விட்டாங்கன்னா, அது அவங்களா விட்டதில்ல."

பூங்கனி சப்-இன்ஸ்பெக்டர் வேலையை உதறிவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். ஐம்பதைத் தாண்டியவள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது காது போய்விட்டது. உதவியாளன் ரெனிஷ் மார்த்தாண்டத்துக்காரன், துபாயில் அத்தர் விற்றுவிட்டு வந்தவன். வாய் அவனுக்கு எப்போதும் ஒரு அடி முன்னால் நடக்கும். இந்தக் கேஸை ஏற்ற அன்றே, சத்தத்தைப் பற்றிய வழக்குக்கு ஒற்றைக் காதோடு கிளம்புகிற முதல் ஆள் நீங்கள்தான் அக்கா என்றான்.

"எனக்கு சத்தம் கேக்காண்டாம்லே" என்றாள் பூங்கனி. "சத்தத்தப் பத்தி ஆளுவ பேசுதது கேட்டாப் போதும்."

குமாரதாஸின் பின்னறைக்குப் போய் வருகிற பழக்கமுள்ளவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவரைப் பார்க்கத்தான் இந்தக் கணவாய்க்கு வந்திருந்தார்கள். சனிக்கிழமை குமாரதாஸ் தன் செல்போனிலிருந்து கடைசியாக அழைத்ததும் அவரைத்தான்.

வைகுண்டராஜன் ஒரு தனியார் காற்றாலை நிறுவனத்தின் சைட் பொறுப்பாளர். தகரக் கூரை போட்ட அலுவலகம். வெளியே ராட்சத இறக்கைகள் சுழல்கிற சத்தம் ஒரு பெரிய மிருகம் மூச்சுவிடுவது போல விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து வந்து பூங்கனிக்கு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். டீ வரவழைத்தார். குமாரதாஸ் பேரைச் சொன்னதும் கண் கலங்கியது. நடிப்பு என்று சொல்ல முடியாத கலக்கம்.

அந்தக் குடும்பத்தோடு அவருக்குள்ள பந்தம் துக்கத்தில் பிறந்தது. குமாரதாஸின் மகன் ஸ்ரீஜித் இவரிடம்தான் டெக்னீஷியனாக வேலை பார்த்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் காற்றாலை உச்சியிலிருந்து விழுந்து செத்துப்போனான். தான் அன்றைக்கு நாகர்கோவிலில் இருந்ததாகவும், பையன் யாரிடமும் சொல்லாமல் பெல்ட் கட்டாமல் தனியாக ஏறிவிட்டதாகவும் வைகுண்டராஜன் சொன்னார். விசாரணையிலும் அப்படித்தான் முடிவானது. விளையாட்டுப் புத்தியில் செத்த பையன் என்று ஊர் பேசியது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்தவர் இவர் ஒருவர்தான்.

ஸ்ரீஜித் விழுவதற்குச் சற்று முன்னால் மேலே இருந்து அப்பாவுக்கு போன் பண்ணியிருந்தான். அப்போது குமாரதாஸிடம் இருந்த பழைய செல்போன் எல்லா அழைப்பையும் தானாகப் பதிவு செய்கிற ரகம். அந்தப் பதிவைத்தான் அவரும் சொர்ணம்மாளும் தினமும் சாயங்காலம் கூடத்திலிருந்த வால்வு ஆம்ப்ளிஃபையரில் போட்டுக் கேட்பார்கள். அந்த ஆம்ப்ளிஃபையருக்கு ரஷ்ய வால்வுகளைத் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்ததும் வைகுண்டராஜன்தான்.

ரெனிஷ் டீயை உறிஞ்சிக்கொண்டே, நந்தனா வார்ம் என்றும் நியூட்ரல் என்றும் ஏதோ சொன்னாளே, அது என்ன, வெந்நீரும் பச்சைத்தண்ணியுமா என்று கேட்டான். வைகுண்டராஜன் அந்தத் துக்கத்திலும் லேசாகச் சிரித்தார். பிடித்த விஷயத்தைப் பேசக் கிடைத்த ஆளின் முகம். வார்ம் என்றால் சத்தத்துக்கு ஒரு சதைப்பிடிப்பு இருக்கும், கூர்மையெல்லாம் மழுங்கி இதமாக வரும், பழைய வால்வு செட்டுகளின் குணமே அதுதான் என்றார். நியூட்ரல் என்றால் பதிவில் உள்ளது உள்ளபடி வரும், கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. வால்வு என்றாலே வார்ம் என்று ஊர் நினைக்கிறது. இப்போது புதிதாகச் செய்கிறவர்கள் வால்விலேயே நியூட்ரலும் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

"நான் எப்பவும் வார்ம் கட்சியாக்கும். அண்ணாச்சிட்டயும் அதத்தான் சொல்லுவேன். புள்ளைக்க குரலு இதமா கேக்கட்டும். அவரு கேக்கல்ல. கடைசியா செஞ்ச புது ஆம்ப நியூட்ரல் ஆக்கிட்டாரு. அதுல என்ன இருக்கு? ஒவ்வொரு வார்த்தைக்கு நடுவுலயும் அவன் மூச்சு இழுக்குதது கேக்கு. பெத்தவனுக்கு அது தேவையா, சொல்லுங்க."

காற்று ஜன்னலை அறைந்து சாத்தியது. கொக்கி போட அவர் எழுந்து போனார். பூங்கனி அடுத்த கேள்விக்குத் தாவினாள். கடைசியாக அந்த வீட்டுக்குப் போனது எப்போது என்று கேட்டாள். ஒரு மாதத்துக்கு மேலாகிறது, கயத்தாறு பக்கம் வேலை என்றார். சனிக்கிழமை அண்ணாச்சி கூப்பிட்டு, புது ஆம்ப் முடிந்துவிட்டது, வந்து கேள் என்றார். அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இதைச் சொன்னதும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

திரும்பி வரும்போது ரெனிஷ், இவ்வளவு நல்ல மனுஷனைப் பார்த்து ரொம்ப நாளாகிறது என்றான். பூங்கனிக்கும் அப்படித்தான் பட்டது.

இரண்டாவது ஆள் நெய்யூரில் இருந்தார். யேசுரத்தினம், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், சபையில் முப்பது வருஷமாக ஆர்கன் வாசிப்பவர். குமாரதாஸின் காது மாதிரி இருந்தவர் அவர்தான் என்று நந்தனா சொல்லியிருந்தாள். எந்த ஆம்ப்ளிஃபையரையும் அவரைக் கேட்க வைத்துவிட்டுத்தான் அனுப்புவாராம்.

வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, மடித்த கைக்குட்டை. வாசலிலேயே ஸ்தோத்திரம் சொல்லி அழைத்துப் போனார். பூங்கனி வழக்கம் போல வலது காது அவர் பக்கம் வரும்படி நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டாள். அவரும் தன் நாற்காலியை நகர்த்தினார். இவள் கொஞ்சம் திரும்பினாள், அவரும் திரும்பினார். கடைசியில் இருவரும் சுவரைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு குமாரதாஸ் வீட்டுக்குப் போனதாக அவரே சொன்னார். புது ஆம்ப்ளிஃபையரில் மகனுடைய பதிவைத்தான் போட்டுக் காட்டினான் என்றார். பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிட்டேன், அப்போது அவன் நன்றாகத்தான் இருந்தான்.

சத்தம் எப்படி இருந்தது என்று பூங்கனி கேட்டாள்.

"தேன்" என்றார் யேசுரத்தினம். "கூடத்துல இருக்கே பழசு, அது மாதிரியே. அதே வார்ம், அதே இதம். குமாரதாஸ் கை வச்சா வேற எப்படி இருக்கும்?"

வெளியே வந்ததும் ரெனிஷ், நீங்கள் ரெண்டு பேரும் நாற்காலியோடு ஆடின கோலாட்டத்தைப் படம் பிடிக்காமல் விட்டுவிட்டேனே என்று வருத்தப்பட்டான். பூங்கனி வண்டியைத் தாழக்குடிக்கு விடச் சொன்னாள்.

நந்தனா பின்னறையில் புது ஆம்ப்ளிஃபையரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள்ளும் ஒரு ஃபியூஸ் போனதைத் தவிர எதுவும் கெடவில்லை என்றாள். எர்ணாகுளத்து டாக்டர் ஒருவருக்காகச் செய்தது. அவர் கொஞ்சம்கூடக் கலப்பில்லாத நியூட்ரல் வேண்டும் என்று கேட்டிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து முதன்முதலாகச் சத்தம் வந்ததும் அப்பா அவளுக்கு போன் பண்ணி, "பச்சத்தண்ணி மாதிரி வந்திருக்கு மக்கா, ஒரு சொட்டு சீனி கிடையாது" என்றாராம்.

பூங்கனி யேசுரத்தினம் சொன்னதைச் சொன்னாள்.

"தேனா?" நந்தனா நிமிர்ந்தாள். "இதையா? சாருக்க காதுக்கு இது தேனாத் தெரியவே தெரியாது. பழசும் இதும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அவரு இதக் கேக்கவேயில்ல, அக்கா."

ரெனிஷ் விரலைச் சொடுக்கினான். சனிக்கிழமை வந்து கேட்டதாகச் சொன்ன ஆள் கேட்கவேயில்லை. அப்படியானால் வந்து வேறு என்ன செய்தார்? வெள்ளை வேட்டிக்குள் இவ்வளவு இருட்டா என்று வண்டி நெய்யூர் போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டே வந்தான். அவர் நாற்காலியை நகர்த்தியது பூங்கனியை உறுத்திக்கொண்டிருந்தது.

யேசுரத்தினம் வீட்டில் இல்லை. சபைக்குள் தனியாக உட்கார்ந்து ஞாயிறு ஆராதனைக்கு வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார். முதுகு வாசலைப் பார்த்து இருந்தது. ரெனிஷைக் கதவடியில் நிறுத்திவிட்டு பூங்கனி செருப்பைக் கழற்றி நடந்தாள். அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்றாள். ஒரு பாட்டு முடிந்து விரல்கள் ஓய்ந்தன. சபை நிசப்தமானது.

சாதாரணக் குரலில் கேட்டாள்: "குமாரதாஸக் கொன்னது நீங்கதானே, சார்?"

அவர் திரும்பவில்லை. தோள் அசையவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டி வாசிக்க ஆரம்பித்தார்.

பூங்கனி சுற்றிக்கொண்டு அவருக்கு முன்னால் போய் நின்றாள். அவளைப் பார்த்ததும் மலர்ந்து சிரித்தார். அவள் தன் இடது காதைத் தொட்டுக் காட்டி, "எனக்கு இது ஒண்ணுதான் சார் இல்ல" என்றாள். "உங்களுக்கு?"

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது. இரண்டு காதும் மூன்று வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு காதில் கொஞ்சம் மிச்சம். பெஞ்சாதிக்கும் தெரியாது. தெரிந்தால் இந்த இடத்திலிருந்து எழுப்பிவிடுவார்கள். விரலுக்குத் தெரிந்ததை விரல் வாசிக்கிறது. எந்த ஆம்ப்ளிஃபையரைப் போட்டுக் காட்டினாலும் தேன் என்று சொல்லிச் சமாளித்துவந்தார்.

சனிக்கிழமை நடந்ததையும் அப்போதுதான் முழுதாகச் சொன்னார்.

"அவன் அழுதுட்டிருந்தான். பதிவுல ஒரு எடத்தத் திரும்பத் திரும்பப் போட்டான். காத்துக்குப் பின்னால கேக்குதா, கேக்குதான்னு எங்கையப் புடிச்சுக் கேட்டான். எனக்கு ஒண்ணும் கேக்கல்ல. கேக்குன்னு சொல்லிட்டேன்." கைக்குட்டையை எடுத்தவர் கண்ணைத் துடைக்காமல் அதைக் கசக்கிக்கொண்டிருந்தார். "அப்பம் நான் நெனச்சது சரிதான், இப்பமே அவன வரச் சொல்லுதேன்னான். அந்தப் பக்கம் திரும்பிட்டு ஏதோ பேரும் சொன்னான். அதுவும் எனக்குக் கேக்கல்ல, அம்மா."

பூங்கனி அவர் தோளில் கை வைத்துவிட்டு வெளியே வந்தாள். தன் காதைத் தானே நம்பாமல் இன்னொரு காதைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார் குமாரதாஸ். அந்தக் காது செத்துப்போய்க் கிடந்தது. அது சொன்ன பொய்யை நம்பித்தான் கொலைகாரனை வீட்டுக்கு வரவழைத்திருக்கிறார்.

காருக்குள் ரெனிஷ் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தான். "ஆக, கேக்காத மனுஷன் கேட்டதாச் சொல்லிட்டாரு" என்றான்.

பூங்கனி சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். "கேட்ட மனுஷன் கேக்கல்லன்னு சொல்லியிருக்கான்லே."

அவனுக்குப் புரியவில்லை. அவள் நிதானமாக எடுத்துச் சொன்னாள். குமாரதாஸ் கடைசியாக அழைத்தது வைகுண்டராஜனை. அந்த ஆம்ப்ளிஃபையர் சனிக்கிழமை மத்தியானம் பிறந்தது. அன்றைக்கே குமாரதாஸோடு அதுவும் அணைந்தது. இடையில் அதைக் கேட்டவர் குமாரதாஸ் ஒருவர்தான், பக்கத்தில் உட்கார்ந்தும் கேட்காதவர் யேசுரத்தினம். நியூட்ரல் ஆக்கியதை போனில் சொன்னார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் வார்த்தைக்கு நடுவே பையன் மூச்சு இழுக்கிறது கேட்கிறது என்றாரே வைகுண்டராஜன், அதைக் கயத்தாற்றில் இருந்துகொண்டு எந்தக் காதால் கேட்டார்?

ரெனிஷ் விடவில்லை. கூடத்துப் பழைய ஆம்ப்ளிஃபையரில் கேட்டிருக்கலாமே என்றான். பூங்கனி சொர்ணம்மாளுக்கு போன் போட்டாள். தினமும் கேட்கிறீர்களே, பேச்சுக்கு நடுவில் ஸ்ரீஜித் மூச்சு விடுவது கேட்குமா என்று கேட்டாள். மறுமுனையில் அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தாள். மூச்சா, அப்படி ஒன்றும் கேட்டதில்லையே, இருந்தால் எனக்குத் தெரியாமல் இருக்குமா என்றாள். அதைக் கேட்க வேண்டும் என்கிற ஆசை அவள் குரலிலேயே தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம், வைகுண்டராஜன் தாழக்குடி வீட்டுக்கு வந்தார். அப்பாவின் கடைசி ஆம்ப்ளிஃபையரை எர்ணாகுளத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் நீங்கள் ஒரு தடவை கேட்க வேண்டும் என்று நந்தனா அழைத்திருந்தாள். வரும்போது சொர்ணம்மாளுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். பூங்கனியும் ரெனிஷும் இருப்பதைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார். பிறகு வணக்கம் சொல்லி உட்கார்ந்தார். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் சப்-இன்ஸ்பெக்டர் ஜெபசீலன் நின்றது அவருக்குத் தெரியாது. பூங்கனியிடம் வேலை பழகியவர், அவளுக்காக வந்திருந்தார்.

புது ஃபியூஸ் மாட்டியிருந்த நந்தனா சுவிட்சைப் போட்டாள். வால்வுகள் மெல்லச் சிவந்தன. பதிவு ஆரம்பித்தது.

சோறு தின்றாயிற்றா என்று ஸ்ரீஜித் கேட்டான். என்ன கறி என்று கேட்டான். சாளைமீன் என்றார் குமாரதாஸ். வார்த்தைக்கு வார்த்தை அவன் மூச்சு இழுப்பது கேட்டது. உயரம் ஏறி இளைத்த மூச்சு. அறை நடுவே, ஆள் உயரத்தில், அவன் நிற்பது போல இருந்தது. இத்தனை நாளும் கம்பளி போல எல்லாவற்றையும் மூடிக்கிடந்த காற்று இப்போது மெலிந்து ஒரு ஓரமாக விலகியிருந்தது. சொர்ணம்மாளின் உதடு அவன் பேசப் பேசக் கூடவே அசைந்தது. ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்கு மனப்பாடம்.

எனக்கு ரெண்டு மீன் எடுத்து வையுங்கள் என்று ஸ்ரீஜித் சிரித்தான்.

"போதும். நிறுத்து மக்கா" என்றார் வைகுண்டராஜன்.

பூங்கனி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன் சார்? புள்ள மீன் கறி கேட்டுட்டுல்லா இருக்கான்."

அவர் எழுந்து ஆம்ப்ளிஃபையர் பக்கம் கை நீட்டினார். ரெனிஷ் குறுக்கே வந்து நின்றான். அவனுடைய வாய் அன்றைக்கு மூடியே இருந்தது.

"ஒரு நிமிஷம்ப்பா" என்றான் ஸ்ரீஜித். கூடத்து ஆம்ப்ளிஃபையரில் இந்த இடத்துக்குப் பிறகு வெறும் காற்றிரைச்சல்தான். சொர்ணம்மாள் தினமும் இந்த இடத்தில்தான் எழுந்து விளக்கேற்றப் போவாள். பழக்கத்தில் இப்போதும் எழுந்தாள். எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

காற்றுக்குப் பின்னால் மகனுடைய குரல் தள்ளி நின்று பேசியது.

"சார், பெல்ட்டு கீழ வண்டியில கிடக்கு. போய் எடுத்துட்டு வந்திருதேன்."

இன்னொரு குரல் வந்தது. சின்னதாக, தெளிவாக.

"ரெண்டு நிமிஷ வேலைக்குப் பெல்ட்டு எதுக்குலே? நான் இங்கதான நிக்கேன். ஏறு."

பிறகு காற்று. பிறகு, சரிப்பா, வைக்கேன். அவ்வளவுதான்.

அந்த இரண்டாவது குரலுக்குச் சொந்தக்காரர் பழக்கூடையைப் பார்த்தபடி நின்றார். நாகர்கோவிலில் இருந்ததாக விசாரணையில் சத்தியம் செய்தவர், அன்றைக்கு உச்சியில் உள்ள இயந்திர அறையில் பையனுக்குப் பக்கத்தில் நின்று, அதன் கூரைமேல் ஏறச் சொல்லியிருக்கிறார். விழுந்ததும் இறங்கி, யாரும் பார்ப்பதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பிறகு ஒருநாள் ஆறுதல் சொல்ல வந்த வீட்டில் அந்தப் பதிவைக் கேட்டிருக்கிறார். காற்றுக்குள் தன் குரல் புதைந்து கிடப்பது அவருக்கு மட்டும் தெரியும். அதை இன்னும் ஆழமாகப் புதைக்கத்தான் தேடித் தேடி வால்வு வாங்கிக் கொடுத்தார், வார்ம்தான் நல்லது என்று ஞாயிறுதோறும் வந்து சொன்னார்.

பூங்கனி அதிகம் கேட்க வேண்டியிருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, அவரே சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம் வந்தபோது குமாரதாஸ் கத்தவில்லை. கையை ஓங்கவில்லை. உட்கார வைத்து, பதிவை முழுதும் போட்டுக் காட்டினார்.

"ஜெயிலுக்குப் போகச் சொல்லல்ல அவரு. ஊருக்கு முன்னால நின்னு, பையன் தானா ஏறல்ல, நாந்தான் ஏறச் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லு, எனக்கு அது போதும்னாரு. சரின்னேன்." "சரின்னு சொன்னதும் அவருக்கு ஒரு நிம்மதி. ஆம்புல ஏதோ சரி பாக்கணும்னு திரும்பி உக்காந்தாரு. வலது கை உள்ள இருந்தது. இடது கை முதுகுக்குப் பின்னால, எனக்கு நேர இருந்தது."



"லைன் வேலைக்குப் போடுத ரப்பர் கையுறைய வண்டியில இருந்து எடுத்துட்டுத்தான் உள்ளயே வந்தேன்" என்றார். அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. சொல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை.

ஜெபசீலன் வெளியே வந்து அவரை எழுப்பினார். நந்தனா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவின் கை அவளுக்குச் சொல்லித் தந்த பாடம் ஒருவனுக்கு வழி காட்டியிருக்கிறது என்பது அவள் முகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. பூங்கனி அவள் பக்கத்தில் போய் நின்றாள். வாசல்வரை போன வைகுண்டராஜன் திரும்பி, "அக்கா" என்று சொர்ணம்மாளைக் கூப்பிட்டார்.

சொர்ணம்மாள் அவரைப் பார்க்கவில்லை. அவர் அங்கே இருப்பதே அவளுக்கு உறைக்கவில்லை. சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரைத் தாண்டி, போலீஸ்காரரைத் தாண்டி, தெருவுக்கு இறங்கினாள். ஜீப்பைப் பார்த்து வாசல்களில் ஆட்கள் கூடியிருந்தார்கள். விளையாட்டுப் புத்தியில் செத்த பையன் என்று பேசிய அதே ஆட்கள். இரண்டு வருஷமாக அவள் தலை நிமிராமல் நடந்த தெரு அது. முதலில் எதிர்வீட்டுக்காரியிடம் போனாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்புள்ள பெல்ட்டு கேட்டிருக்கான், கேட்டியா?" என்றாள். "அவன் கேட்டிருக்கான்."

சொர்ணம்மாள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அடுத்த வாசலுக்கு நடந்தாள்.